மகனைத் தேடிய அன்னை அழகம்மாள்

தலைநகர் டில்லியின் தென்பகுதியில், முனிர்காவுக்கு அருகிலுள்ள ராமகிருஷ்ணபுரத்தில், ஒரு சிறு குன்றின்மீது சுவாமிநாத சுவாமி கோயில் கொண்டிருக்கிறார். 1973-ஆம் ஆண்டு கும்பாபிஷேகம் கண்ட அக்கோயிலை டில்லி மக்கள் மலை மந்திர் என்று அழைக்கின்றனர். பணியின் பொருட்டுத் தெற்கிலிருந்து வந்து முனிர்காவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு அது தாய்வீடு போன்றது. அக்குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வளர்ந்து, இன்று வேறு ஊர்களிலும் வேறு நாடுகளிலும் வாழ்கின்றனர். குன்றின் படிகளில் மெல்ல ஏறும் முதிய பெற்றோர் பலரும் தமக்கென்று எதுவும் வேண்டுவதில்லை. தொலைவிலுள்ள மகனுக்காகவும் மகளுக்காகவுமே வேண்டுகின்றனர்.

அவர்கள் வணங்கும் இறைவனோ, தந்தைக்கே பிரணவத்தின் பொருளை உபதேசித்த மகன். மகன் குருவாக நிற்க, தந்தை சீடராகச் செவிசாய்த்தார் என்கிறது புராணம். புராணத்தில் இனிக்கும் இக்காட்சி குடும்ப வாழ்க்கையில் எளிதில் கைகூடுவதன்று. தாம் பெற்றுத் தாலாட்டி வளர்த்த பிள்ளை, தமக்குப் புரியாத ஒரு பாதையில் நடக்கும்போது பெற்றோரின் உள்ளம் கலங்குகிறது. அப்பிள்ளையை மீட்டுவர முயன்று, இயலாமல் வருந்தி, இறுதியில் அவனிடமே அடைக்கலம் புகுந்து நிறைவு பெற்ற ஓர் அன்னை தமிழகத்தில் வாழ்ந்தார். பகவான் ஸ்ரீரமண மகரிஷியைப் பெற்ற அழகம்மாள் அவர்.

திருச்சுழி இல்லம்

பாண்டிய நாட்டுச் சிவத்தலங்களுள் ஒன்று திருச்சுழி. அவ்வூரில் வழக்குரைஞராக விளங்கிய சுந்தரம் ஐயரின் துணைவியார் அழகம்மாள். சுந்தரம் ஐயர் செல்வாக்கு மிக்கவர். ஏழை பணக்காரர் என்று பாராமல் எவருக்கும் கதவைத் திறந்து வைத்தவர். ஊருக்குப் புதிதாக வருவோர் பலரும் முதலில் அவ்வீட்டையே நாடுவர். வந்தவர்களுக்கு முகம் கோணாமல் உணவிடுவது அழகம்மாளின் அன்றாட அறமாக இருந்தது. வேதாந்தப் பாடல்களும் தோத்திரங்களும் பலவற்றை அவர் மனப்பாடமாக அறிந்திருந்தார். அவற்றின் பொருள் தம் வாழ்க்கையில் எந்த வடிவில் வந்து நிற்கும் என்பதை அன்று அவர் அறிந்திருக்கவில்லை.

இத்தம்பதியருக்கு மூன்று மகன்கள், ஒரு மகள். மூத்தவர் நாகசுவாமி. இரண்டாமவராக 1879 டிசம்பர் 30 அன்று, திருவாதிரைத் திருநாளை ஒட்டிய நள்ளிரவுக்குப்பின் பிறந்தவர் வேங்கடராமன். அடுத்து நாகசுந்தரமும் மகள் அலமேலுவும் பிறந்தனர்.

அக்குடும்பத்தில் தலைமுறைக்கு ஒருவர் துறவியாவார் என்ற ஒரு நம்பிக்கை வழங்கிவந்தது. அதற்கேற்ப, சுந்தரம் ஐயருடைய தந்தையின் உடன்பிறந்தார் ஒருவர் காவி உடுத்துச் சென்றார். சுந்தரம் ஐயரின் தமையனாரும் ஒருநாள் வீட்டை விட்டுச் சென்றவர் திரும்பவில்லை. அடுத்து எந்தப் பிள்ளையோ என்னும் அச்சம் அழகம்மாளின் உள்ளத்தின் ஆழத்தில் இருந்திருக்கக்கூடும்.

1892 பிப்ரவரியில் சுந்தரம் ஐயர் காலமானார். அப்போது வேங்கடராமனுக்கு வயது 12. ஒரே கூரையின்கீழ் இருந்த குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் சிற்றப்பா சுப்பையரின் வீட்டில் தங்கிப் படித்தனர். இளைய குழந்தைகள் இருவருடன் அழகம்மாள் மானாமதுரையில் மற்றொரு மைத்துனரான நெல்லையப்ப ஐயரின் ஆதரவில் வாழ்ந்தார். கணவரை இழந்த அன்றே, வளரும் இரு மகன்களையும் கண்ணெதிரே வைத்துக்கொள்ளும் வாய்ப்பையும் அவர் இழந்தார்.

தந்தையைத் தேடிச் சென்ற மகன்

1896-ஆம் ஆண்டின் நடுவில், மதுரைச் சொக்கப்ப நாயக்கன் தெருவில் உள்ள வீட்டின் மாடியில், வேங்கடராமனுக்கு மரண அனுபவம் ஒன்று ஏற்பட்டது. உடல் இறக்கும்போது இறவாமல் எஞ்சுவது எது என்று அவர் உள்முகமாக ஆராய்ந்தார். சில நிமிடங்களில் விளைந்த அந்தத் தெளிவு பிறகு அவரை விட்டு நீங்கவே இல்லை. படிப்பிலும் விளையாட்டிலும் உறவிலும் இருந்த பற்று தானாகவே உதிர்ந்தது.

ஆகஸ்டு 29 அன்று, ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதிவர ஆசிரியர் விதித்த பணியை அவர் செய்துகொண்டிருந்தார். இரண்டு முறை எழுதியவர், மூன்றாம் முறை எழுதாமல் கண்மூடி அமர்ந்துவிட்டார். இப்படி இருப்பவனுக்கு இந்தப் படிப்பெல்லாம் எதற்கு என்ற பொருளில் தமையன் கடிந்துரைத்தார். தமையன் கோபத்தில் சொன்ன அச்சொல் தம்பிக்கு உண்மையாகவே பட்டது. தமையனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயையும் ஒரு சிறு கடிதத்தையும் வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

அக்கடிதத்தின் சாரம் இதுதான்: தம் தந்தையின் ஆணைப்படி அவரைத் தேடிச் செல்வதாகவும், இச்செயல் நல்லதே ஆதலின் எவரும் வருந்த வேண்டாம் என்றும், தேடுவதற்காகப் பணம் செலவிட வேண்டாம் என்றும் அவர் எழுதியிருந்தார். தொடக்கத்தில் தம்மைத் தன்மையில் குறித்தவர், சில சொற்களுக்குள் தம்மை வெறும் ஒரு பொருளாகக் குறித்தார். இறுதியில் கையொப்பம் இட வேண்டிய இடத்தில் பெயரே இல்லை.

தந்தை இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் அந்தப் பதினாறு வயதுச் சிறுவர் தம்மைத் தந்தையற்ற பிள்ளையாக எண்ணவில்லை. செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்து, அருணாசலேசுவரரின் கருவறைக்குச் சென்று, தாம் வந்துவிட்டதைத் தந்தையிடம் தெரிவித்துத் தம்மை ஒப்படைத்தார். இறைவனைத் தந்தை என்று அழைப்பது பக்தி மரபில் புதிதன்று. ஆனால் அச்சொல்லை அப்படியே உண்மையென எடுத்துக்கொண்டு, மறுவேளை உணவைப் பற்றியும் எண்ணாமல் புறப்படுவதற்கு அசைவற்ற நம்பிக்கை வேண்டும்.

மகன் தந்தையைக் கண்டுகொண்டார். தாய்க்கோ மகன் காணாமற்போனார்.

தேடல்

செய்தி கேட்ட அழகம்மாள் துடித்தார். தேட வேண்டாம் என்று கடிதம் சொன்னாலும், எந்தத் தாயால் தேடாமல் இருக்க முடியும்? மைத்துனர்களை மன்றாடித் தேட அனுப்பினார். சமயக் கதைகளை நடிக்கும் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து மகன் திருவனந்தபுரத்தில் இருப்பதாக ஒரு வதந்தி எழுந்தது. நெல்லையப்ப ஐயர் அங்கே சென்று விசாரித்து வெறுங்கையுடன் திரும்பினார். அன்னையின் மனம் அதை ஏற்கவில்லை. மறுமுறை தம்மையும் உடன் அழைத்துச் செல்லுமாறு வற்புறுத்திச் சென்றார். அங்கே மகனின் வயதும் உயரமும் ஒத்த ஓர் இளைஞனைக் கண்டார். அவ்விளைஞன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவனே தம் மகன், தம்மைத் தவிர்க்கிறான் என்று உறுதியாக நம்பி, மனமுடைந்து ஊர் திரும்பினார்.

உண்மையில் மகன் அப்போது திருவண்ணாமலையில் இருந்தார். தாயன்பு எவ்வளவு ஆழமானதாயினும், அது காண விரும்புவதையே எங்கும் காணும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

1898-இல் சுப்பையர் காலமானார். அந்தத் துக்கத்துக்காக மதுரையில் உறவினர் கூடியபோதுதான், திருவண்ணாமலையில் மௌனமாக அமர்ந்திருக்கும் ஓர் இளம் துறவி திருச்சுழியைச் சேர்ந்தவர் என்ற செய்தி தற்செயலாகக் கிடைத்தது. நெல்லையப்ப ஐயர் உடனே புறப்பட்டார். ஒரு மாந்தோப்பில், சடைவிழுந்த முடியும் புழுதி படிந்த உடலுமாக இருந்த தமையனின் மகனைக் கண்டார். துறவியாகவே இருக்கட்டும், ஆனால் ஊருக்கு அருகில் வந்து இருக்கட்டும் என்று பரிவுடன் கேட்டார். பதிலில்லை. மானாமதுரை திரும்பி, கண்டதையும் தோற்றதையும் அழகம்மாளிடம் சொன்னார்.

பவழக்குன்றில்

அவ்வாண்டு டிசம்பர் மாத விடுமுறையில், மூத்த மகன் நாகசுவாமியை அழைத்துக்கொண்டு அன்னையே புறப்பட்டார். பவழக்குன்றில் ஒரு பாறையின்மீது கிடந்த இளைஞரை, அழுக்கும் சடையும் மறைத்திருந்தபோதிலும், கண்டவுடனே தம் பிள்ளை என்று அறிந்துகொண்டார்.

பல நாட்கள் அவர் குன்றேறி வந்தார். மகனுக்குப் பிடித்த பண்டங்களைச் செய்து எடுத்துவந்தார். தம் தனிமையைச் சொன்னார், மன்றாடினார், அன்பின்மையைச் சொல்லிக் கடிந்துகொண்டார். மகனிடம் அசைவே இல்லை. ஒருநாள் அழகம்மாள் அடக்கமாட்டாமல் கதறி அழுதபோது, அவர் எழுந்து அப்பால் சென்றார். சுற்றியிருந்தவர்களின் உள்ளம் கரைந்தது. பச்சையப்ப பிள்ளை என்பவர், ஆம் என்றோ இல்லை என்றோ எழுதியாவது காட்டும்படி வேண்டி, தாளும் பென்சிலும் தந்தார்.

மகன் எழுதினார். அவரவர் முன்வினைக்கு ஏற்பவே ஒவ்வோர் உயிரின் வாழ்க்கையையும் இறைவன் நடத்துகிறான், அதை மனித முயற்சியால் கூட்டவோ குறைக்கவோ இயலாது, ஆகவே அமைதி கொள்வதே தக்கது என்பது அதன் சாரம். மகன் என்ற உறவைக் குறிக்கும் சொல் அதில் இல்லை. அம்மா என்ற விளியும் இல்லை.

விடுமுறை முடிந்தது. அழகம்மாள் மூத்த மகனுடன் மானாமதுரைக்குத் திரும்பினார்.

இந்த இடத்தில் எந்தப் பெற்றோரின் உள்ளத்திலும் ஒரு கேள்வி எழும். பெற்ற தாயின் கண்ணீருக்கு இரங்காதது ஞானமா? இக்கேள்வியை மழுப்பலாகக் கடந்துபோவது சரியன்று. அன்று அந்தத் தாய்க்கு அது தாங்கொணா வலி என்பதே உண்மை. மகனின் செயலை எல்லாப் பிள்ளைகளும் முன்மாதிரியாகக் கொள்வதற்கும் இடமில்லை. பின்னாளில், இல்லத்தைத் துறந்துவர விரும்பித் தம்மை அணுகியவர்களை ஸ்ரீரமணர் பெரும்பாலும் ஊக்குவிக்கவில்லை. இருந்த இடத்திலேயே ஆன்ம விசாரம் செய்யுமாறே கூறினார். அன்று அவர் ஆறுதலாக ஒரு சொல் கூறியிருந்தால், அது தாயின் உள்ளத்தில் பொய்யான நம்பிக்கையாக வளர்ந்திருக்கும். திரும்பப்போவதில்லை என்பது உறுதியாயிருந்த நிலையில், மெய்யைத் தவிர வேறெதையும் தர அவரால் இயலவில்லை. அந்த மௌனத்துக்குள் அன்பு இருந்ததா என்பதைக் காட்டக் காலம் தேவைப்பட்டது.

இழப்புகளின் ஆண்டுகள்

1900-ஆம் ஆண்டு, மூத்த மகன் நாகசுவாமி இறந்துபோனார். உடனிருந்து தாங்குவார் என்று நம்பிய பிள்ளை மறைந்தார்; விட்டுப் பிரிந்துபோன பிள்ளையோ திருவண்ணாமலையில் இருந்தார். திருச்சுழியில் இருந்த வீடு கடனுக்காக விற்கப்பட்டது. நெல்லையப்ப ஐயரும் காலமானார். 1915-இல் இளைய மகன் நாகசுந்தரத்தின் மனைவி, ஒரு சிறு குழந்தையை விட்டுவிட்டு மறைந்தார்.

ஒவ்வொரு பிடிப்பாக விடுபட்டுக்கொண்டே வந்த இந்த ஆண்டுகளில், அழகம்மாளுக்கும் மகனுக்கும் இடையிலான உறவு மெல்ல உருமாறியது. காசி யாத்திரையிலிருந்து திரும்பும்போது ஒருமுறை அவர் திருவண்ணாமலைக்கு வந்து மகனைக் கண்டு சென்றார். வீட்டுக்கு வா என்னும் பழைய மன்றாடல் இப்போது இல்லை. ஊரார் வணங்கும் மகானைத் தாமும் கண்டு, மகன் என்ற நினைவோடு திரும்பினார். ஒப்படைத்தல் என்பது ஒரே நாளில் நிகழ்வதன்று. பவழக்குன்றில் இருந்து கனத்த நெஞ்சுடன் இறங்கிய அன்று தொடங்கிய அது, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவருக்குள் கனிந்துவந்தது.

மகனின் பிரார்த்தனை

1914-இல் திருப்பதி சென்று வேங்கடாசலபதியைத் தரிசித்துத் திரும்பிய அழகம்மாள், வழியில் விரூபாட்ச குகையில் மகனைக் காண வந்தார். அங்கே கடுங்காய்ச்சலில் விழுந்தார். நச்சுக்காய்ச்சலின் அறிகுறிகள் தென்பட்டன. சில வாரங்கள் அவர் உயிருக்குப் போராடிய நிலையில், மகன் அருகிலேயே இருந்து கண்ணும் கருத்துமாகப் பணிவிடை செய்தார்.

அதோடு, அருணாசலனை நோக்கி நான்கு பாடல்களும் இயற்றினார். தாயின் காய்ச்சலைத் தணிக்கவும், பிறவி என்னும் காய்ச்சலையும் சேர்த்தே தணிக்கவும் அப்பாடல்களில் வேண்டினார். ஒரு நிகழ்வின் போக்கை மாற்றும்படி ஸ்ரீரமணர் இறைவனிடம் வேண்டியதாக அறியப்படும் நிகழ்ச்சி இது ஒன்றே என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

விதிக்கப்பட்டது நிகழ்ந்தே தீரும் என்று தாய்க்கு எழுதிக் காட்டிய அதே கை, பதினாறு ஆண்டுகளுக்குப்பின் தாய்க்காக விண்ணப்பம் எழுதியது. இரண்டும் முரண்பட்டவை போல் தோன்றலாம். ஆனால் இரண்டிலும் அவர் ஒன்றையே செய்தார். அன்று தாயைத் தம்மிடமிருந்து விலக்கி இறைவனின் ஆணைக்கு விட்டார். இன்று அதே தாயை ஏந்தி, தம் தந்தையாகிய அந்த இறைவனின் காலடியில் வைத்தார். தந்தையிடம் சென்ற பிள்ளை, தாயைத் தந்தைக்கு நினைவூட்டினார். பவழக்குன்றின் மௌனத்தில் மறைந்திருந்தது என்ன என்பது விரூபாட்ச குகையில் வெளிப்பட்டது.

அன்னை நலமடைந்து மானாமதுரை திரும்பினார். ஆனால் அவரது உள்ளம் மலையிலேயே தங்கிவிட்டது.

மலைமீது ஒரு சமையலறை

1916-இன் தொடக்கத்தில் அழகம்மாள் நிலையாகத் திருவண்ணாமலைக்கே வந்துவிட்டார். மகனை அழைத்துச் செல்ல வந்தவர், இப்போது மகனிடம் தங்க இடம் கேட்டு வந்தார். உறவைத் துறந்தவர் தாய் வந்தால் வேறெங்காவது சென்றுவிடுவாரோ என்ற அச்சத்தால் பக்தர்கள் சிலர் தயங்கினர். மனம் வருந்திய அன்னை புறப்பட எழுந்தபோது, ஸ்ரீரமணரும் உடனே எழுந்து, இங்கு இடமில்லையெனில் வேறிடம் செல்வோம் என்று தாயின் கைபற்றினார் என்பர். அதன்பின் எவரும் மறுத்துப் பேசவில்லை.

அவ்வாண்டே ஸ்ரீரமணரும் உடனிருந்தோரும் விரூபாட்ச குகைக்கு மேலே, சுனை நீர் உள்ள கந்தாச்ரமத்துக்கு இடம்பெயர்ந்தனர். அதுவரை பக்தர்கள் கொண்டுவருவதையும் பிட்சையாகக் கிடைப்பதையும் பகிர்ந்து உண்பதே வழக்கம். அழகம்மாள் அங்கே அடுப்பை மூட்டினார். திருச்சுழி இல்லத்தில் வந்தோர்க்கெல்லாம் உணவிட்ட கைகள், மலைமீது மீண்டும் அதே பணியைத் தொடங்கின. இளைய மகன் நாகசுந்தரமும் வந்து சேர்ந்து, துறவு பூண்டு நிரஞ்சனானந்தர் ஆனார். பக்தர்கள் அவரைச் சின்னசுவாமி என்று அழைத்தனர்.

மகனின் அருகில் இருக்க இடம் கிடைத்ததே தவிர, மகன் மீது தனியுரிமை கிடைக்கவில்லை. ஸ்ரீரமணர் மற்றப் பெண்களுடன் பேசுவார். சில வேளைகளில் தாய் பேசினால் மட்டும் பதிலளிக்கமாட்டார். அன்னை மனங்கசந்து கேட்டபோது, எல்லாப் பெண்களும் தமக்குத் தாயே என்று உணர்த்தினார். முதலில் அச்சொல் சுட்டது. தன் பிள்ளை என்னும் பற்று கரையக் கரைய, அதே சொல்லின் மறுபக்கம் புலனாயிற்று: எல்லாப் பெண்களும் அவருக்குத் தாய் எனில், மலையேறி வருவோர் எல்லாரும் இவருக்குப் பிள்ளைகள். ஒரு மகனுக்காகப் பண்டம் சுமந்து குன்றேறியவர், பசித்து வரும் எவருக்கும் சோறிடும் அன்னையானார். தாய்மை அவரிடமிருந்து பறிக்கப்படவில்லை. அதன் எல்லைதான் அகன்றது.

மடி ஆசாரங்களில் அன்னைக்கு இருந்த பிடிவாதத்தை மகன் நகைச்சுவையால் தளர்த்தினார். வேறொருவர் மீது சேலை பட்டுவிட்டால், ஆசாரமே போய்விட்டதே என்று பொய்யாகப் பதறுவார். அன்னை ஒதுக்கும் வெங்காயத்தைக் காட்டி, மோட்சத்துக்குப் பெருந்தடை இதுவல்லவா என்று சிரிப்பார். அப்பளம் இடுவதற்கு அன்னை உதவி கேட்டபோது, அவர் அப்பளப் பாட்டை இயற்றித் தந்தார். அகந்தையை உளுந்தாகவும், நல்லோர் உறவைப் பிரண்டைச் சாறாகவும், ஆன்ம விசாரத்தை அரைத்தும் இடித்தும் பக்குவம் செய்யும் வேலையாகவும் வைத்து, வேதாந்தம் முழுவதையும் ஒரு சமையல் குறிப்பில் அடக்கியது அப்பாட்டு. இளமையில் அன்னை மனப்பாடம் செய்த தத்துவம், இப்போது அவர் கைவேலையின் மொழியிலேயே அவரிடம் வந்தது.

இவ்வாறு ஆறாண்டுகள் கழிந்தன. அன்னை காவி உடுத்தலானார். பெற்ற பிள்ளையைக் குருவாக ஏற்பதற்குத் தாய் கடக்க வேண்டிய தூரம் மற்றச் சீடர்களுக்கு உள்ளதைவிடப் பெரிது. அழகம்மாள் அதைக் கடந்தார்.

1922 மே 19

1920-இலிருந்து அன்னையின் உடல் நலிவுற்றது. ஸ்ரீரமணர் இரவும் பகலும் அருகிருந்து பணிவிடை செய்தார். 1922 மே 19 அன்று இறுதி நேரம் நெருங்கிவிட்டது என்பது தெளிவாயிற்று. காலையிலிருந்தே ஸ்ரீரமணர் தாயின் அருகில் அமர்ந்து, வலக்கையை அவரது நெஞ்சின் மீதும் இடக்கையைத் தலைமீதும் வைத்திருந்தார். சுற்றிலும் பக்தர்கள் வேதமும் இராம நாமமும் ஓதினர்.

சில ஆண்டுகளுக்கு முன், நெடுநாள் தொண்டரான பழனிசுவாமியின் இறுதி வேளையிலும் அவர் இவ்வாறு கைவைத்திருந்தார். ஆனால் உயிர் அடங்கிவிட்டது என எண்ணிக் கையைச் சற்று முன்னதாக எடுத்துவிட, உயிர் கண்வழியே வெளியேறியது. அந்த அனுபவத்தால், தாயின் மூச்சு அடங்கிய பின்னும் அவர் சிறிது நேரம் கையை எடுக்கவில்லை. அந்த நேரம் முழுவதும், அன்னையின் உள்ளத்தில் உறைந்திருந்த வாசனைகள் ஒவ்வொன்றாக எழுந்து, காட்சிகளாக விரிந்து, ஓய்ந்து, இறுதியில் உயிர் இதயத்தில் ஒடுங்கியதாகப் பின்னர் விளக்கினார். இரவு எட்டு மணி அளவில் அது நிறைவுற்றது.

கைக்குழந்தையின் நெஞ்சில் தட்டித் தூங்கவைப்பது தாயின் இயல்பு. அன்று மகனின் கை தாயின் நெஞ்சில் இருந்தது.

அங்கே துக்கம் அனுசரிக்கப்படவில்லை. ஸ்ரீரமணர் அமைதியாக எழுந்து, தீட்டு ஏதும் இல்லை என்று கூறி, அனைவரையும் உணவருந்த அழைத்தார். எவரோ அன்னை இறந்ததாகக் குறிப்பிட்டபோது, அவர் ஒடுங்கினார் என்று திருத்தினார். ஞானம் பெற்ற பெண்ணின் உடலைத் தகனம் செய்யலாகாது என்னும் கருத்து, 1917-ஆம் ஆண்டைச் சேர்ந்த ரமண கீதையில் முன்பே பதிவாகியிருந்தது. அதன்படி, மலையின் தென்புற அடிவாரத்தில் பாலி தீர்த்தத்தின் அருகே அன்னையின் திருமேனி சமாதி வைக்கப்பட்டு, மேலே ஒரு லிங்கம் நிறுவப்பட்டது.

தாயும் ஆனவர்

அந்த லிங்கத்துக்கு மாத்ருபூதேசுவரர் என்று பெயர். தாயாகி நின்ற ஈசன் என்பது பொருள். தமிழகத்தில் இத்திருநாமம் பழமையானது. திருச்சிராப்பள்ளி மலைக்கோயிலில் எழுந்தருளியுள்ள தாயுமானவரின் வடமொழிப் பெயரும் இதுவே. பேறுகாலத்தில் இருந்த மகளிடம் செல்லப் புறப்பட்ட ஒரு தாய், காவிரியில் பெருகிய வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். தாய் வந்து சேர இயலாத அந்த வேளையில், இறைவன் அத்தாயின் உருவிலேயே வந்து மகளுக்குப் பேறு பார்த்தான் என்கிறது தலபுராணம்.

வளர்ந்த பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொருவருக்கும் இப்புராணத்தில் ஓர் ஆறுதல் இருக்கிறது. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையே ஏதேனும் ஒரு வெள்ளம் குறுக்கிடும் நாள் வந்தே தீரும். சிலருக்கு அது கடல். சிலருக்குக் கருத்து வேற்றுமை. சிலருக்கு மகனின் நோய், மகளின் மணவாழ்க்கைத் துயரம், பதில் வராத கடிதம். பெற்றோரின் கை எட்டாத அந்த இடத்தில் பிள்ளை அநாதையாக நிற்பதில்லை. பெற்றோருக்கு முன்பே அப்பிள்ளைக்குத் தாயும் தந்தையுமாக இருந்தவன் அங்கே இருக்கிறான். அழகம்மாள் திருவனந்தபுரத்துத் தெருக்களில் மகனைத் தேடித் தவித்த அதே நாட்களில், திருவண்ணாமலையில் முகமறியாத மனிதர்களின் கைகள் வழியே அருணாசலன் அவர் மகனுக்கு உணவூட்டிக்கொண்டிருந்தான்.

இந்த நம்பிக்கை பெற்றோரின் கடமையை நீக்குவதில்லை. பிள்ளைக்காகக் கவலைப்படுவதும், நல்வழி கூறுவதும், கதவைத் திறந்து வைத்திருப்பதும் அன்பின் இயல்பு. அழகம்மாளும் தம்மால் இயன்றதையெல்லாம் செய்தார். இயலாததை இறைவனிடம் விட்டார். அவர் கேட்டது மகனை வீட்டுக்குத் திருப்பித் தரும்படி, அது கிடைக்கவில்லை. ஆனால் மகன் கண்டடைந்த தந்தையின் வீட்டில் அவருக்கும் இடம் கிடைத்தது.

அன்னை சமாதியடைந்த பின், ஸ்ரீரமணர் கந்தாச்ரமத்திலிருந்து நாள்தோறும் அங்கே இறங்கி வந்து செல்வார். அவ்வாண்டு டிசம்பரில் ஒருநாள் வந்தவர், மேலே திரும்பவில்லை, அங்கேயே தங்கிவிட்டார். அந்தச் சமாதியைச் சுற்றியே ஸ்ரீரமணாச்ரமம் எழுந்தது. 1949 மார்ச் 17 அன்று மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நடைபெற்றது. நோயுற்றிருந்த நிலையிலும் ஸ்ரீரமணர் உடனிருந்தார். அடுத்த ஆண்டு, 1950 ஏப்ரல் 14 அன்று அவரும் உடலை உதிர்த்தார். அவரது திருமேனி அன்னையின் ஆலயத்துக்கு அருகிலேயே சமாதி வைக்கப்பட்டது.